நாற்பது டிகிரிச் சோதனை

ஜூன் 9, திங்கள்

லேப்டாப்புக்குள் மாற்றிப் போட்ட இரண்டாவது ஃபேனும் தோற்றுவிட்டது. இதற்கு இதழ்கள் கூடுதல், காற்றை நன்றாகத் தள்ளும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். தள்ளியது. கூடவே காதுக்குள் கொசு புகுந்த மாதிரி ஒரு சத்தம். முதல் பத்து நிமிடம் லேப்டாப் பறக்கிறது. அப்புறம் சூடு ஏறி, பிராசசர் தானாகவே வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு நொண்டுகிறது. ஒரு கிலோ எடை கூட இல்லை, விரல் தடிமன் கூட இல்லை. இதற்குள் சூடு எங்கேதான் போகும்?

லேபில் நாங்கள் அதற்கு வைத்த பேர் இறகு. வாடிக்கையாளர் கம்பெனி வைத்த பேர் எழுத்தும் எண்ணுமாக இருக்கும், யார் வாயிலும் நுழையாது. இத்தனை வருஷமாக அவர்கள் வரைந்து அனுப்பியதை இந்த ஒரகடம் தொழிற்சாலையில் பூட்டி, சோதித்து, பெட்டியில் போட்டோம். இப்போதுதான் முதல் தடவையாக, ‘சூட்டை நீங்களே குறைத்துக் காட்டுங்கள்’ என்று கேட்டிருக்கிறார்கள். காட்டிவிட்டால் அடுத்த மாடலின் வடிவமைப்பே இங்கே வரும். தனி டீம், அதை நடத்த ஒரு லீட். லேப் மேனேஜர் வெங்கடேசன் சார் இதைச் சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். லேபிலேயே மூத்தவள் நான்தானே.

மாலையில் என் ஜூனியர் இசக்கிசெல்வி பக்கத்தில் வந்து நின்றாள். “எக்கா, நா ஒருக்கா பாக்கட்டா?”

“பாரு” என்றேன். அவள் பார்த்து என்ன ஆகப்போகிறது.

ஜூன் 12, வியாழன்

செல்வி பேட்டரி பிரிவிலிருந்து என்னிடம் வந்தது போன வருஷம். வள்ளியூர்ப் பக்கத்துப் பெண். இருங்காட்டுக்கோட்டையில் மூன்று பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். சூடு அளக்கும் கம்பியை எங்கே ஒட்டுவது, எந்த எண்ணை நம்புவது, எதை நம்பக்கூடாது என்று எல்லாம் நான் காட்டிக்கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மண்ணூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போவாள். எனக்குத் தங்கை இல்லாத குறை தீர்ந்தது என்று நானே ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

இதை ஏன் இன்று எழுதுகிறேன்? தெரியவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

நான் உள்ளே நுழையும்போதே அவள் மேசையைச் சுற்றி நாலு பேர். வெங்கடேசன் சாரும் நிற்கிறார்.

தையல் நூலைப் பிரித்து, முடி மாதிரி மெல்லிய இழைகளாக்கி, இறகின் பின்ஓரத்திலும் அடியிலும் வரிசையாக ஒட்டியிருக்கிறாள். ஃபேன் ஓடுகிறது. கீல் பக்கம் உள்ள இழைகள் வெளியே பறக்கின்றன. அடியில் உள்ளவையோ உள்நோக்கி இழுபடுகின்றன.

“வெளிய போவுதுன்னு நெனச்சிட்டு இருக்கோம்லா சார், அதுல பாதி திரும்ப அடி வழியா உள்ளதான் வருது. சுட்ட காத்தயே திரும்பத் திரும்பக் குடிச்சிட்டு இருக்கு. பெறவு எந்த ஃபேன் போட்டா என்ன?”

சார் குனிந்து பார்த்தார். சின்னப் பையன் மாதிரி ஒரு இழையை ஊதிப் பார்த்தார். “அட” என்றார். அந்த ‘அட’ எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

நானும் சிரித்தேன். நல்லா இருக்குடி என்றேன். கன்னம் வலித்தது.

ஜூன் 18, புதன்

இதை நான் முன்பே சொல்லியிருக்கிறேன். சத்தியமாகச் சொல்லியிருக்கிறேன். ஏப்ரலில் கேன்டீனில் தயிர் சாதம் சாப்பிடும்போது, “கால் ரப்பர் இன்னும் கொஞ்சம் ஒசரமா இருந்திருந்தா சூடு காத்து திரும்பி வராது” என்று இவளிடம்தான் சொன்னேன். இவள் தலையாட்டினாள். இப்போது அது இவள் யோசனையாகிவிட்டது.

சொன்னேனா? இல்லை, அப்படி நினைத்தது மட்டும்தானா?

சொன்னேன். சொன்னேன்.

ஜூன் 24, செவ்வாய்

நூலோடு நிற்கவில்லை. கருப்பு ஃபோம் பட்டையை மெல்லிசாக வெட்டி, ஃபேனைச் சுற்றி உள்ளே ஒரு வேலி மாதிரி ஒட்டிவிட்டாள். பின் கால் ரப்பரையும் ஓரம் முழுக்க நீட்டி ஒரு சுவராக்கிவிட்டாள். வெளியே போன சூடு திரும்பி வர வழியில்லை. பதினைந்து வாட்டில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது இன்று இருபது வாட்டில் ஒரு மணி நேரம் ஓடியது. வேகம் விழவே இல்லை. ஃபேன் சத்தமும் குறைந்துவிட்டது. நான் மாதக்கணக்கில் சூட்டைக் கடத்தும் தாமிரக் குழாயை மாற்றினேன், பேஸ்ட்டை மாற்றினேன், ஃபேனை மாற்றினேன். அவள் ஃபோம் பட்டையை ஒட்டினாள்.

கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, “உங்களாலதான்க்கா” என்றாள். எதற்கு அப்படிச் சொல்கிறாள்? என் யோசனை என்று தெரிந்துதான் சொல்கிறாளா, சும்மா வாய் உபசாரமா? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

மீன் குழம்பு செய்து தூக்கு நிறைய எடுத்துக்கொண்டு வந்தாள். என் கணவர் திருமலை இரண்டு தடவை சோறு வாங்கிக்கொண்டார். கார் கம்பெனியில் பெயிண்ட் வேலை செய்கிறவர். வீட்டில் சாப்பாட்டைப் பற்றி வாய் திறந்ததே கிடையாது. இன்று, “அந்தப் பொண்ணு கைப்பக்குவம் சூப்பரா கீது” என்கிறார். போதாதென்று, “டிவில எல்லாம் வரும்போல கீதே, அது கண்டுபுட்சது” என்று வேறு.

அவளுக்கு என்ன? வீடு திரும்பினால் சமையல் உண்டா, துணி உண்டா, மாமியார் மாத்திரை உண்டா? படுத்துக்கொண்டு ஃபோமைப் பற்றி யோசிக்கலாம். எனக்கும் அந்த நேரம் இருந்தால் நானும்தான் யோசிப்பேன்.

“இன்னாத்துக்கு மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு கீற?” என்று கேட்டார்.

“தலைவலி” என்றேன்.

ஜூலை 3, வியாழன்

சொல்லியேவிட்டேன். சாரிடம் போய், பேச்சுவாக்கில் சொல்வது போல, “ஏப்ரல்லயே இதப்பத்தி நா செல்விகிட்ட பேசியிருந்தேன் சார்” என்றேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கேன்டீன்ல ஆயிரம் பேசறோம் மஞ்சுளா. செஞ்சி காட்டனது யாரு?”

அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

ஜூலை 8, செவ்வாய்

இருபத்து மூன்றாம் தேதி வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து வருகிறார்கள். காட்டப்போவது செல்வி. அவளுக்குப் புதுச் சுடிதார் எடுக்க நான் கூட வரவேண்டுமாம். ஸ்ரீபெரும்புதூர் கடைக்குப் போனோம். மயில் கழுத்து நிறம் எடுத்தாள். நன்றாக இருந்தது. “கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கே” என்றேன். உடனே அதை வைத்துவிட்டுச் சாம்பல் நிறத்தை எடுத்துக்கொண்டாள்.

இவ்வளவு அற்பமாகவா ஆகிவிட்டேன் நான்?

ஜூலை 15, செவ்வாய்

வெப்ப அறைச் சோதனை என் பொறுப்பு. சாதாரண அறையில் ஓடினால் போதாது. நாற்பது டிகிரி சூட்டில் வைத்து, சார்ஜ் ஏற்றிக்கொண்டே ஓட்டிப் பார்க்க வேண்டும். நம் ஊர் மே மாதம் எப்படியோ அப்படி. செல்வி ஃபோம் ஒட்டிய மூன்று இறகுகளையும் உள்ளே வைத்தேன்.

முதல் அரை மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் பேட்டரிச் சூடு மெல்ல மெல்ல ஏறியது. ஐம்பதைத் தாண்டியது. மூன்றிலும் சார்ஜ் ஏறுவது நின்றுவிட்டது.

உடனே புரிந்தது. பழைய ஃபேன் நாலா பக்கமும் காற்றை உறிஞ்சும்போது கொஞ்சம் பேட்டரி மேலும் தவழ்ந்து போகும். யாரும் திட்டமிடாத காற்று அது. செல்வியின் ஃபோம் வேலி அதையும் சேர்த்து அடைத்துவிட்டது. பிராசசர் குளிர்ந்தது, பேட்டரி வெந்தது.

நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பயத்தினால் இல்லை. எழுதவே கூசுகிறது. சந்தோஷத்தில்.

எழுந்து அவள் மேசைக்குப் போனேன். அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, வரப்போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கிலீஷில் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் நின்றேன். “டீ குடிக்க வரியா?” என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்.

ஜூலை 17, வியாழன்

இன்னும் சொல்லவில்லை. மறுபடி ஓட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டாமா? அரைகுறையாகச் சொல்லிப் பயமுறுத்துவானேன்?

ஜூலை 18, வெள்ளி

மறுபடியும் ஓட்டினேன். அதேதான்.

நான் பொய் சொல்லவில்லை. ரிப்போர்ட்டில் எதையும் மாற்றவில்லை. அது தயாராகும் நாளை மட்டும் தள்ளி வைத்திருக்கிறேன். வெப்ப அறை முடிவை நான் கடைசியாகக் காட்டுவதுதானே எப்போதும் வழக்கம். அதன்படி காட்டுவேன். அதில் என்ன தப்பு?

தப்பில்லை என்றால் ஏன் இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை?

ஜூலை 22, செவ்வாய்

நாளை.

ஜூலை 23, புதன்

மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் மேலதிகாரி போலத் தெரிந்தது ஒரு நடுவயதுப் பெண்மணி. குட்டை முடி, குறைந்த பேச்சு. செல்வி சாம்பல் நிறச் சுடிதாரில் நின்று நூல் இழைகளைக் காட்டினாள். இங்கிலீஷ் தடுக்கியது, ஆனால் இழைகள் பறந்ததும் அந்தப் பெண்மணியும் முன்னால் வந்து குனிந்து பார்த்தார். எல்லார் முகத்திலும் வெளிச்சம்.

அடுத்தது நான். நாற்பது டிகிரி. பேட்டரிச் சூட்டின் கோடு ஐம்பதைத் தாண்டியது, சார்ஜ் நின்றது. குரல் நடுங்காமல் சொன்னேன்.

பெண்மணி கேட்டார்: ஏசி இல்லாத வீட்டில் கோடையில் இதைச் சார்ஜ் போடுகிற மாணவன் என்ன செய்வான்? வெங்கடேசன் சார் எல்லார் முன்னாலும் செல்வி பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார். “நாப்பதுல இன்னா ஆவுதுன்னு கேக்காமயே எப்படிம்மா இத்த கொண்டாந்து காட்டன?”

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். நான் திரையில் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் சரிசெய்யாவிட்டால் வேலை அவர்களிடமே திரும்பிப் போகும். டீமும் இல்லை, லீடும் இல்லை. அவளை வீழ்த்தப் பார்த்தேன், லேபே சேர்ந்து சரிகிறது. இதை நான் யோசிக்கவே இல்லையே. எப்படி யோசிக்காமல் போனேன்?

பஸ்ஸில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வல்லம் தாண்டியது. அப்புறம் தலையைத் திருப்பாமலே சொன்னாள்.

“போன வாரம் செவ்வாக்கெழமையே பாத்தேன்க்கா. நீங்க டீ குடிக்கப் போனப்ப வெப்ப அறை ஸ்கிரீன்ல கோடு தெரிஞ்சிது.”

பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

“உங்க சோதன, நீங்கதான் சொல்லணும். இன்னைக்குச் சொல்லுவிய, நாளைக்குச் சொல்லுவியன்னு இருந்தேன். நேத்து சாயங்காலம் வரைக்கும் இருந்தேன்.”

“ஏன் நீயே கேக்கல?”

“கேட்டா, நீங்க வேணும்னுதான் சொல்லலன்னு ஆயிரும்லா. அப்படி இருக்காதுன்னு நெனச்சேன்.”

இருங்காட்டுக்கோட்டையில் இறங்கிப் போனாள்.

ஜூலை 24, வியாழன்

திருமலையிடம் சொன்னேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும் போலிருந்தது. தோசையை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

“நீயா?” என்றார்.

அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

ஜூலை 25, வெள்ளி

“செல்வி, அன்னிக்கி நான்...” என்று ஆரம்பித்தேன்.

“வேலயப் பாப்போம்க்கா.”

ஜூலை 27, ஞாயிறு

ஆடி ஞாயிறு. தெரு முனையில் கூழ் ஊற்றுகிறார்கள். தூக்கு நிறைய வாங்கி வைத்தேன். செல்வி வரவில்லை. கூப்பிட்டேனா? இல்லை, கூப்பிடவும் இல்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஒரு வாரமாக ஒரே மேசையில் வேலை. எண்களைத் தவிர வேறு பேச்சில்லை. பேச்சு இல்லாததாலோ என்னவோ வேலை வேகமாக ஓடுகிறது.

ஒன்று தெரிந்துகொண்டேன். அவள் ஃபோம் வேலியை அவளை விட எனக்கு நன்றாகத் தெரிகிறது. எந்த மூலையில் ஒட்டியிருக்கிறாள், எங்கே தடித்திருக்கிறது, எங்கே நசுங்கும் என்று எல்லாம் மனப்பாடம். குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றே அத்தனை நாளும் அதை உற்றுப் பார்த்திருக்கிறேன். அன்பாக இருந்தபோது அவள் வேலையை இப்படி ஒருநாளும் பார்த்ததில்லை.

பேட்டரி ஓரத்தில் வேலியைக் கொஞ்சம் திறந்துவிடலாம் என்று நான் சொன்னேன். முழுக்க எடுக்க வேண்டாம், பல் விழுந்த சீப்பு மாதிரி இடைவெளி விட்டால் ஃபேன் அந்த வழியாகவும் கொஞ்சம் காற்றை இழுக்கும். அவள் யோசித்தாள். “தொறந்தா அந்தப் பக்கம் சூடும் ஏறும்லா? சூட்டப் பரத்த அடியில ஒரு கிராஃபைட் தாள் போட்டா?” என்றாள். பென்சில் கரி மாதிரி கருப்பாக, காகிதத்தை விட மெல்லிசான தாள். ஒரு இடத்துச் சூட்டை இழுத்துப் பரப்பிவிடும். அது எனக்குத் தோன்றவில்லை.

வந்தது பாருங்கள், மறுபடியும். அந்த எரிச்சல். ஏன் எனக்குத் தோன்றவில்லை? இவ்வளவு நடந்த பிறகும் அது போகவில்லை. நெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டு நகரமாட்டேன் என்கிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

நாற்பது டிகிரி. சார்ஜ் ஏறியது. பேட்டரி நாற்பத்தாறில் நின்றது. பிராசசர் பத்தொன்பது வாட்டில் ஓடிக்கொண்டே இருந்தது; முன்பை விட ஒரு வாட் குறைவு, பரவாயில்லை. இரண்டு பேரும் வெப்ப அறைக் கண்ணாடி முன்னால் நின்று, அந்தக் கோடு ஏறாமல் தட்டையாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் சிரித்தாள். என்னைப் பார்த்து இல்லை, கோட்டைப் பார்த்து.

ஆகஸ்ட் 13, புதன்

ஒத்துக்கொண்டுவிட்டார்கள். அடுத்த மாடல் நமக்கு. லேபில் கேக் வெட்டினார்கள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

லீட் நான்.

சார் கூப்பிட்டுச் சொன்னபோது, “ஒரு விஷயம் சொல்லணும் சார்” என்று சொல்லிவிட்டேன். எட்டு நாள் அந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன், செல்வியிடம் வேண்டுமென்றே சொல்லவில்லை, திட்டு எனக்கு விழுந்திருக்க வேண்டியது என்று.

அவர் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்தார். “தெரியும்மா. சோதன என்னிக்கி ஓடிச்சுன்னு எனக்குத் தெரியாதா? மேல யாரும் கேக்கல. நீங்களும் உட்ருங்க.”

“செல்விகிட்டயாவது நீங்க...”

“அந்தப் பொண்ணுக்கு வயசு கீது. அடுத்த வாட்டி பாத்துக்கலாம்.”

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இதற்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன்? கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். வீட்டில் சொன்னேன். திருமலை “நல்லது” என்றார். சாதாரணமாக இனிப்பு வாங்கப் போவார். இன்று போகவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

செல்வி ராஜினாமா கொடுத்துவிட்டாள். என்னிடம்தான் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது அவளுக்கு நான்தானே மேலே. மறைமலை நகரில் எலக்ட்ரிக் வண்டிக் கம்பெனி ஒன்றில் முயற்சி செய்கிறாளாம். பேட்டரியைக் குளிர வைக்கும் வேலை.

“என்னாலயா?” என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னாள். “கொஞ்சம் உங்களால. மிச்சம் அந்த வேல பிடிச்சிருக்கு. அன்னைக்கு அந்தக் கோடு ஏறினப்ப எனக்கு அழுக வந்துச்சுக்கா. ஆனா, ஏன் ஏறுதுன்னு தெரிஞ்சிக்கிடணும்னுதான் மொதல்ல தோணுச்சு.”

எனக்கு அன்று தோன்றியது வேறு. அதை அவளிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 10, புதன்

மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போது போன் வந்தது. அந்த வண்டிக் கம்பெனியின் ஆள் எடுக்கும் பிரிவிலிருந்து ஒரு பெண். விசாரித்துக்கொள்ள இசக்கிசெல்வி என் பெயரைக் கொடுத்திருக்கிறாளாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் என் பெயர்? வெங்கடேசன் சார் பெயரைக் கொடுத்திருக்கலாமே.

வேலை எப்படி, ஒழுங்கு எப்படி என்று கேட்டாள். நன்றாகச் செய்வாள் என்றேன். அப்புறம், “அவங்ககிட்ட குறைன்னு ஏதாவது உண்டா மேடம்? ஒரு தடவ கஸ்டமர் முன்னாடி சரியா சோதிக்காம காட்டிட்டாங்கன்னு கேள்விப்பட்டோம்” என்றாள்.

யார் சொன்னார்களோ. இந்தத் தொழிற்பேட்டைப் பக்கத்தில் எந்தக் கம்பெனிச் செய்தியும் ஒரு கம்பெனிக்குள் அடங்காது.

‘கொஞ்சம் அவசரப்படுவா.’ இதைச் சொன்னாலே போதும். முழுப் பொய்யும் இல்லை, அவசரக்காரிதான். சொல்லிவிட்டு, ஆனால் நல்ல பெண் என்று சேர்த்துக்கொண்டால் நானும் நல்லவள். நாக்கு நுனி வரை வந்தது. வந்தது என்று எழுதி வைக்கிறேன்.

“அந்தச் சோதனை என் பொறுப்பு” என்றேன். “முடிவு எங்கிட்ட எட்டு நாள் இருந்துச்சு. நாந்தான் அவகிட்ட குடுக்கல.”

“ஏன் மேடம்?”

“அவ என்ன விட கெட்டிக்காரி. அதனால.”

டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. எதை அடித்தாளோ. “சரி மேடம். வேற ஏதாவது?”

“வேற இல்ல. எடுத்துக்குங்க” என்றேன். கை ஈரத்தோடேயே பேசியிருக்கிறேன். போன் முழுக்கத் தண்ணீர்.

செப்டம்பர் 26, வெள்ளி

செல்வி போய்ச் சேர்ந்து ஒரு வாரம். புதிதாகத் தொடங்கும் பிரிவாம், இவள் வந்ததும் நாலு பேரை இவள் கையில் கொடுத்திருக்கிறார்களாம். கேன்டீனில் யாரோ சொன்னார்கள். வயிறு எரிந்தது. ஒரு வாரம்தானே ஆகிறது, அதற்குள்ளா?

மோர் குடித்தேன். அதற்கெல்லாம் அடங்குகிற எரிச்சல் இல்லை இது.

அக்டோபர் 8, புதன்

புது மாடல் இறகை விட மெல்லிசு. மூன்று நாளாக ஒரு மூலை மட்டும் சுடுகிறது. காரணம் பிடிபடவில்லை. டீமில் எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் யார் முகத்தைப் பார்ப்பது?

வீட்டுக்கு வந்து, அரிசி கழுவி அடுப்பில் வைத்துவிட்டுச் செல்விக்குப் போன் போட்டேன். எடுக்கமாட்டாள் என்று நினைத்தேன். எடுத்தாள். மாடலைப் பற்றிச் சொல்லக்கூடாது, அதனால் சூட்டை மட்டும் சொன்னேன். எந்தப் பக்கம், எப்போது, ஃபேன் ஓடும்போதா நின்ற பிறகா என்று கேட்டாள். நின்ற பிறகு என்றேன். “அப்ப காத்து இல்ல. ஸ்குரூ எதும் தொட்டுட்டு இருக்கான்னு பாருங்க. தகடு வழியா சூடு ஏறும்” என்றாள். அதுவும் எனக்குத் தோன்றவில்லை. எரிந்தது, எழுதிக்கொண்டேன்.

அவ்வளவுதான் பேச்சு. எப்படி இருக்கிறாய் என்று நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

திருமலை ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். “யாராண்ட பேசிக்கினு இருந்த?”

“செல்விகிட்ட.”

சட்டை கையில் அப்படியே நின்றது. “பேசுதா?”

“வேலை விஷயம் மட்டும்.”

“பேசட்டும்” என்றார். சமையல்கட்டுக்குள் எட்டிப் பார்த்து, அடுப்பைக் குறைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.